ஊரின் ஒற்றன்

(தாம்பரத்தில் நடைபெற்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘ஊருக்குள் நுழையும் நோயை முதலில் அறிந்து சொல்வது மருத்துவமனையே! கழிவுநீரே!’ இதில் ‘கழிவுநீரே’ என்ற அணியில் பேசியது.)



பட்டிமன்ற மேடையிலே எனக்குக் கண்ணகி கிடைத்திருக்கிறாள், சீதை கிடைத்திருக்கிறாள், மாமியார் கிடைத்திருக்கிறார். இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சாக்கடை கிடைத்திருக்கிறது. (சிரிப்பு) வீட்டிலே போய்ச் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “சங்க இலக்கியத்துல டாக்டர் பட்டம் வாங்கினது இதுக்குத்தானா?” (பலத்த சிரிப்பு)

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் நடுவர் அவர்களே, நான் விளையாட்டுக்காக இந்தப் பக்கம் வந்து நிற்கவில்லை. எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். “நோய் வந்தால் நாம் ஓடுவது எங்கே? மருத்துவமனைக்கா, சாக்கடைக்கா?” என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நோய் வந்தால் நானும் மருத்துவமனைக்குத்தான் ஓடுவேன். ஆனால் தலைப்பு என்ன? நோயைக் குணமாக்குவது யார் என்பதா தலைப்பு? இல்லையே! முதலில் அறிந்து சொல்வது யார் என்பதல்லவா தலைப்பு! எதிரணி நண்பர் பரீட்சையிலே கேட்காத கேள்விக்கு நல்ல பதில் எழுதியிருக்கிறார். நான் வாத்தியார் அம்மா. அதற்கு மார்க் போட மாட்டேன். (கைதட்டல்)

நம் வீட்டிலே ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன நடக்கிறது? முதல் நாள் வயிறு சரியில்லை. “நேத்து அந்த பரோட்டா வேண்டாம்னு சொன்னேன், கேட்டீங்களா?” இது மனைவி. இரண்டாம் நாள் ஓமத் தண்ணீர். மூன்றாம் நாள் மெடிக்கல் ஷாப். அங்கே கடைப் பையன்தான் டாக்டர். “வயித்தால போகுதா? இந்தாங்க, ரெண்டு வேளைக்குப் போடுங்க.” நான்காம் நாள் மாமியார் வந்து திருஷ்டி சுற்றிப் போடுகிறார். ஐந்தாம் நாள் ஆள் துவண்டு விழுந்த பிறகுதான் ஆட்டோ வருகிறது. ஆறாம் நாள் பரிசோதனை. ஏழாம் நாள் ரிசல்ட். அந்த ரிசல்ட் சுகாதாரத் துறைக்குப் போய், கணக்கிலே ஏறி, “இந்தத் தெருவிலே ஏதோ நடக்கிறது” என்று ஒரு அதிகாரி நிமிர்ந்து பார்ப்பதற்குள் தெருவிலே பத்து வீடு படுத்திருக்கும்.

ஆனால் முதல் நாளே அந்த ஆள் ஒரு இடத்திலே உண்மையைச் சொல்லிவிட்டார். எங்கே? கழிவறையிலே! (சிரிப்பு) மனைவியிடம் மறைக்கலாம், முதலாளியிடம் மறைக்கலாம், டாக்டரிடம்கூட “ஒண்ணுமில்லை சார், லேசா ஜுரம்” என்று சொல்லலாம். வாய் பொய் சொல்லும். வயிறு பொய் சொல்லாது நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

உடம்பிலே நோய் ஏறினால், அந்தக் கிருமியோ அதன் மரபணுத் துண்டுகளோ மலத்தின் வழியே வெளியேறுகின்றன. போலியோ அப்படித்தான், டைபாய்டு அப்படித்தான், காலரா அப்படித்தான். மூச்சு வழியாகப் பரவுகிற கொரோனாகூட அப்படி வெளியேறியது. காய்ச்சல் வராதவர் உடம்பிலிருந்தும் வெளியேறியது. அத்தனை வீட்டுச் சேதியும் குழாய் வழியே ஓடி, ஓரிடத்திலே வந்து சேருகிறது. அங்கே ஒரு பாத்திரத்திலே மொண்டு பார்த்தால் ஆயிரம் வீட்டைத் தட்டிப் பார்த்ததற்குச் சமம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டி சொன்னாளே, அதைத்தான் இன்றைக்கு விஞ்ஞானி வேறு பானையிலே செய்கிறார். (சிரிப்பு)

இதை எனக்கு முன்னாலேயே வள்ளுவர் யோசித்து வைத்திருக்கிறார். எதிரணியினர் மருந்து அதிகாரத்தைச் சொன்னார்கள். 95ஆம் அதிகாரம். நல்லது. நோய் எது, அது எதனால் வந்தது, எப்படித் தணிப்பது என்று அங்கே ஒரு வரிசை இருக்கிறது. நான் அதற்கு முன்னாலே 59ஆம் அதிகாரத்துக்கு உங்களைக் கூப்பிடுகிறேன். ஒற்றாடல்! நாட்டிலே யார் யாருக்கு என்ன நேர்கிறது என்பதை ஆளுகிறவன் அன்றாடம், காலம் தாழ்த்தாமல் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒற்றன் வேண்டும் என்கிறார். அந்த ஒற்றன் எப்படி இருக்க வேண்டும்? யாரும் சந்தேகப்படாத தோற்றத்திலே இருக்க வேண்டும்.

சாக்கடையைவிட நல்ல மாறுவேடம் உண்டா? மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறோம்! திரும்பிப் பார்ப்போமா? அதுவோ நம் வீட்டு ரகசியத்தையெல்லாம் சுமந்துகொண்டு நம் காலடியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. (கைதட்டல்)

“இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, நடந்த கதை உண்டா?” என்று எதிரணி அம்மையார் கேட்டார்கள். உண்டு அம்மா, நிறைய உண்டு.

போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அரங்கத்திலே இருக்கிற தாய்மார்களிலே பல பேர், ஞாயிற்றுக்கிழமை காலையிலே பிள்ளையை இடுப்பிலே தூக்கிக்கொண்டு சொட்டு மருந்து முகாமுக்குப் போனவர்கள். போலியோ கிருமி தொற்றுகிற பிள்ளைகளிலே சுமார் 200 பேருக்கு ஒரு பிள்ளைக்குத்தான் கால் விழும். மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டே கிருமியைப் பரப்பும். இப்போது கணக்குப் போடுங்கள். மருத்துவமனைக்கு எப்போது தெரியும்? அந்த ஒரு பிள்ளையின் கால் விழுந்த பிறகு! கழிவுநீருக்கு எப்போது தெரியும்? அந்த 200 பிள்ளைகளும் நன்றாக ஓடி விளையாடும்போதே! மருத்துவமனை சொல்வது சேதிதான், ஆனால் அந்தச் சேதிக்கு விலை ஒரு குழந்தையின் கால். (கைதட்டல்)

அதனால்தான் 2001இல் மும்பையிலே கழிவுநீரை எடுத்துப் போலியோ கிருமியைத் தேட ஆரம்பித்தார்கள். பிறகு தில்லி, பாட்னா, கொல்கத்தா என்று விரிந்தது. இந்தியாவிலே இயற்கையான போலியோ கிருமி கழிவுநீரில் கடைசியாக அகப்பட்டது 2010 நவம்பரிலே, மும்பையில். கடைசி நோயாளி, 2011 ஜனவரியிலே மேற்கு வங்கத்து ஹௌராவில் ஒரு சின்னப் பெண் குழந்தை. அதற்கப்புறம் மருத்துவமனைகளிலே நோயாளி இல்லை. ஆனால் அது மட்டும் போதாது என்று கழிவுநீரையும் தொடர்ந்து விசாரித்தார்கள். இரண்டும் ‘இல்லை, இல்லை’ என்று சொன்ன பிறகுதான், 2014 மார்ச் 27ஆம் தேதி, உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தைப் போலியோ இல்லாத வட்டாரம் என்று அறிவித்தது.

கதை முடிந்ததா? இல்லை. 2016இல் ஹைதராபாத், அம்பர்பேட்டை. எந்தக் குழந்தைக்கும் ஒன்றுமில்லை. எந்த மருத்துவமனையிலும் புகாரில்லை. கழிவுநீரிலே மட்டும் ஒரு கிருமி. சொட்டு மருந்திலிருக்கும் பலவீனமான கிருமியே அபூர்வமாக உருமாறிக் கிளம்பும். அந்த வகைக் கிருமி. அதிகாரிகள் என்ன செய்தார்கள்? “யாருக்கும் நோய் வரலையே, வரட்டும் பார்த்துக்கலாம்” என்று ஃபைலை மூடினார்களா? இல்லை. அந்த ஜூன் மாதமே சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட முகாம் நடத்தினார்கள். ஒரு குழந்தைக்கும் கால் விழவில்லை. எந்தத் தாய்க்கும் தன் பிள்ளை தப்பித்தது தெரியாது. காப்பாற்றியது யார் என்றும் தெரியாது. பெயர் வாங்காமல் உதவி செய்தது அந்தச் சாக்கடை! (பலத்த கைதட்டல்)

அடுத்து கொரோனா. 2020 மே மாதம். குஜராத்திலே காந்திநகர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அகமதாபாத் கழிவுநீர் நிலையத்திலே மே 8ஆம் தேதி ஒரு தடவை, 27ஆம் தேதி ஒரு தடவை தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். பத்தொன்பது நாளிலே கொரோனாவின் மரபணு அளவு சுமார் பத்து மடங்கு ஏறியிருந்தது. ஊருக்குள்ளே நோயும் ஏறிக்கொண்டிருந்த சமயம். அதே ஆண்டு ஆகஸ்டிலே ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகம், கழிவுநீரை வைத்தே, அந்த நகரத்தில் சுமார் 6.6 லட்சம் பேருக்குத் தொற்று வந்திருக்கலாம் என்று கணக்குச் சொன்னது. அதிலே பெரும்பாலோருக்குத் தங்களுக்கு வந்ததே தெரியாது.

“எல்லாம் வடக்கே, நம்ம ஊர்ல உண்டா?” என்பீர்கள். தாம்பரத்திலே ரயில் ஏறி சில ஸ்டேஷன் போங்கள், காட்டாங்குளத்தூர். அங்கிருக்கும் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல், ஊரடங்குக்குப் பிறகு, சென்னையின் கழிவுநீரை எடுத்துச் சோதித்தார்கள். கொரோனாவின் மரபணுத் துண்டுகள் அதிலே இருந்தன. ஆய்வுக்கட்டுரையாக 2021இல் வெளிவந்திருக்கிறது. நம்ம ஊர்ச் சாக்கடைக்கும் நன்றாகப் பேசத் தெரியும் ஐயா! (சிரிப்பு)

எப்படிப் பேச வைக்கிறார்கள்? நான் தமிழ் வாத்தியார், எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். ஒரு வேளைத் தண்ணீர் எடுத்தால் அந்த வேளைக் கதைதான் தெரியும். ஆகவே நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்க்கிறார்கள். அந்தத் தண்ணீரிலே கிருமி கடலிலே போட்ட கடுகு மாதிரி. அதைத் திரட்டி, சுண்ட வைக்கிறார்கள். நாம் பாலைச் சுண்டக் காய்ச்சுகிறோமே, அந்த மாதிரி. ஆனால் அடுப்பிலே இல்லை, ரசாயனத்தாலும் வேகமாகச் சுழற்றியும். பிறகு மரபணுவைப் பிரித்தெடுத்து, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கிப் பெருக்குகிறார்கள். சதுரங்கக் கட்டத்திலே நெல்மணியை இரட்டித்து இரட்டித்து வைத்த புலவன் கதை தெரியுமல்லவா? அதே கணக்கு. முப்பது தடவை இரட்டித்தால் ஒன்று 107 கோடி ஆகிவிடும். ஒளிந்திருப்பவன் எங்கே ஒளிவான்?

இங்கே ஒரு சிக்கல். ஐப்பசி மழை கொட்டுகிறது, சாக்கடையிலே மழைத்தண்ணீர் கலந்து எல்லாம் நீர்த்துப் போகிறது. நோய் குறைந்ததா, தண்ணீர் கூடியதா? எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். மிளகாய்ச் செடியைத் தாக்குகிற ஒரு வைரஸ் இருக்கிறது. நமக்கு அது ஒன்றும் செய்யாது. மிளகாய் சாப்பிடுகிறவர் வயிற்றிலே நுழைந்து அப்படியே வெளியே வந்துவிடும். அதை எண்ணினால் இந்தத் தண்ணீரிலே மனிதக் கழிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதோடு ஒப்பிட்டு நோய்க்கிருமியை அளக்கிறார்கள். நாம் கார சாரமாகச் சாப்பிடுவதும் விஞ்ஞானத்துக்கு உதவியாகத்தான் இருக்கிறது! (சிரிப்பு) காபியிலே இருக்கிற காஃபீனையும் இப்படிப் பயன்படுத்துவதுண்டு. தென்சென்னையில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமே வராது. (பலத்த சிரிப்பு)

இன்னொரு பெருமை இந்த ஒற்றனுக்கு உண்டு. 2020இல் நம் தெருக்கள் ஞாபகமிருக்கிறதா? ஒரு வீட்டிலே கொரோனா என்றால் வாசலிலே ஸ்டிக்கர். சில இடத்திலே தகரம் வைத்தே அடைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்துவார். நோயைவிட அந்தப் பார்வை சுட்டது. பயந்து போய் டெஸ்ட்டே எடுக்காமல் ஒளிந்தவர்கள் எத்தனை பேர்! கழிவுநீர் அப்படிச் செய்யாது. “இந்த வட்டாரத்திலே நோய் இருக்கிறது, கவனி” என்று சொல்லும். “மூன்றாவது வீட்டு முருகேசன்” என்று சொல்லாது. மாளிகைக்காரர் கழிவும் குடிசைக்காரர் கழிவும் அங்கே கலந்துதான் வருகிறது. டெஸ்ட் எடுக்கக் காசில்லாதவன், லீவு போட்டால் கூலி போகுமே என்று காய்ச்சலோடு வேலைக்குப் போனவன், ஆஸ்பத்திரிக் கணக்கிலே ஒரு நாளும் ஏறாதவன் எல்லோரும் அந்தக் கணக்கிலே இருக்கிறார்கள். மருத்துவமனை, வந்தவர்களை எண்ணும். கழிவுநீர் வராதவர்களையும் எண்ணும்! (பலத்த கைதட்டல்)

எதிரணித் தலைவர் தாம்பரம் சானடோரியத்தைச் சொன்னார். 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை. 1990களில், வேறு இடங்களிலே கதவடைத்தபோது, எய்ட்ஸ் நோயாளிகளை உள்ளே அழைத்துக்கொண்ட மருத்துவமனை. கை எடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த எச்.ஐ.வி. இந்தியாவிலே முதலில் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது? நோயாளி வந்து படுக்கையிலே விழுந்தா? இல்லை! 1986இல், “நம்ம ஊர்ல அதெல்லாம் இருக்காது” என்று எல்லோரும் சொன்னபோது, இதே சென்னையிலே டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் தேடிப் போய் இரத்த மாதிரி எடுத்தார்கள். இருந்தது! நோய் வந்து கதவைத் தட்டும் வரைக்கும் காத்திருக்காமல் தேடிப் போகிற அந்தப் புத்திதான் எங்கள் அணியின் புத்தி. எதிரணியினர் எடுத்துக்காட்டைக் கொடுத்தார்கள், அது எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. (கைதட்டல்)

நடுவர் மணியைப் பார்க்கிறார். இன்னும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன் ஐயா. எதிரணியிலே இளைஞர் ஒருவர் கேட்டார், அதுதான் இன்றைக்கு மேடையிலே கேட்ட மிக நல்ல கேள்வி. “அம்மா, சாக்கடை பேசும் பேசும் என்கிறீர்களே, எங்க தெருவுல சாக்கடையே இல்லையே! செப்டிக் டேங்க்தானே இருக்கு!”

உண்மை. தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரிலே பிறந்தது. ஐந்து நகராட்சிகள், ஐந்து பேரூராட்சிகள் சேர்ந்து 70 வார்டுகள். ஆனால் எல்லா வீட்டுக்கும் பாதாளச் சாக்கடை போய்ச் சேரவில்லை. நம் வீடுகளிலே நடக்கிற பேச்சு என்ன? “ஏங்க, டேங்க் நிறைஞ்சிடுச்சு, லாரிக்குச் சொல்லுங்க.” “போன வாரம்தானேடி எடுத்தாங்க?” “மழை பெஞ்சா தண்ணி ஏறுது, நான் என்ன பண்ண?” லாரி வருகிறது, உறிஞ்சுகிறது, போகிறது. எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. சில இடங்களிலே அது மழைநீர்க் கால்வாய்க்கும் ஏரிக்கும் போய்ச் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறோம்.

அப்படியானால் இங்கே ஒற்றன் வேலை செய்ய முடியாதா? முடியும். 1948இலேயே ஒருவர் வழி காட்டியிருக்கிறார். இங்கிலாந்திலே வட டெவன் பகுதி. டைபாய்டு வகைக் காய்ச்சல் ஒன்று விட்டு விட்டு வந்தது. யாரிடமிருந்து பரவுகிறது என்று தெரியவில்லை. மூர் என்கிற மருத்துவர் என்ன செய்தார்? காயத்துக்குக் கட்டுவோமே காஸ் துணி, அதைச் சுருட்டி, நூலிலே கட்டிச் சாக்கடையிலே தொங்கவிட்டார். ஒன்றிரண்டு நாள் கழித்து எடுத்துச் சோதித்தார். கிருமி கிடைத்த கிளையிலே மேலே போனார், அடுத்த பிரிவிலே இன்னொரு துணி. இப்படியே படிப்படியாகப் போய்க் கிருமி புறப்படும் இடத்தை நெருங்கினார். பெரிய இயந்திரம் இல்லை. ஒரு துணியும் ஒரு நூலும்தான். இதே முறையிலே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2021, 2022ஆம் ஆண்டுகளிலே வேலூரின் கழிவுநீர் ஓடும் இடங்களிலே டைபாய்டு கிருமியைத் தேடினார்கள். வேலூரிலே முடிந்தது தாம்பரத்திலே முடியாதா?

லாரி கொண்டுபோய்க் கொட்டுகிற சுத்திகரிப்பு நிலையத்திலே மாதிரி எடுக்கலாம். அப்போது லாரிகளும் ஒழுங்காக அங்கே போயாக வேண்டும். செம்பாக்கம், சிட்லபாக்கம், சேலையூர் ஏரிகளுக்கு வருகிற கால்வாய் வாயிலே துணியைத் தொங்கவிடலாம். பாதாளச் சாக்கடை இருக்கிற பகுதியிலே அது வந்து சேரும் நீரேற்று நிலையத்திலே எடுக்கலாம். பழைய அரசன் ஒற்றனை எங்கே நிறுத்துவான்? கோட்டை வாயிலிலே! சென்னைக்குத் தெற்கு வாயில் எது? மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் ரயில் நிலையம், கிளாம்பாக்கம் பேருந்து நிலையம். மூன்றும் நம் பக்கம்தான். விமானத்தின் கழிவுநீரையே சோதிக்கிற நாடுகள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2025இல், 50 நகரங்களிலே 10 வைரஸ்களைக் கழிவுநீரில் கண்காணிக்கப் போவதாக அறிவித்தது. அந்தக் கண் நம் புறநகர்ப் பக்கமும் திரும்ப வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. (கைதட்டல்)

ஒரு நிபந்தனை. மாதிரி எடுக்கிறேன் என்று ஒரு மனிதனையும் மேன்ஹோலுக்குள்ளே இறக்கக் கூடாது. உரிய பாதுகாப்பில்லாமல் சாக்கடையைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டத்துக்கு முன்னாலே மனசாட்சி தடுக்கிறது. கயிறு இறங்கட்டும், பாத்திரம் இறங்கட்டும், இயந்திரம் இறங்கட்டும். ஊரின் உயிரைக் காக்க ஒருத்தர் உயிரைக் கேட்கிற விஞ்ஞானம் எங்களுக்கு வேண்டாம். (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, 2024 டிசம்பர் மாதம் இங்கேயிருந்து கூப்பிடு தூரத்திலே, பல்லாவரத்திலே நடந்ததை இங்கே இருக்கிற யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு. 30 பேருக்கு மேல் மருத்துவமனையிலே சேர்ந்தார்கள். உயிரும் போயிற்று. பிறகு என்ன நடந்தது? குடிதண்ணீரா காரணம், சாப்பாடா காரணம் என்று வாதம். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். இவரைக் குறை சொல்லவோ அவரைக் குறை சொல்லவோ நான் இங்கே வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஆஸ்பத்திரிப் படுக்கை நிரம்பிய பிறகு தொடங்குகிற விசாரணை, போன உயிரைத் திருப்பிக் கொடுக்குமா? வாரா வாரம் கழிவுநீரைப் பார்த்து, வாரா வாரம் குடிநீரைப் பார்த்து, “இந்தப் பக்கம் ஏதோ ஏறுகிறது” என்று முன்கூட்டியே ஒரு குரல் இருந்தால், அந்தத் தெருவுக்கு முதல் நாளே ஒரு செவிலியர் போயிருக்கலாம். “அம்மா, ரெண்டு நாளைக்குத் தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இவ்வளவு நேரம் சாக்கடைக்காக வாதாடுகிறேன். (கைதட்டல்)

இந்த ஒற்றனாலே எல்லாம் முடியும் என்று நான் சொல்லவில்லை. டெங்குவுக்கு இவனை நம்பி உட்கார முடியாது. அதற்குக் கொசுவைத்தான் தேட வேண்டும். சரியாக எத்தனை பேர் என்று தலையெண்ணிச் சொல்லவும் இவனால் ஆகாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்வான். வள்ளுவரும் ஒரே ஒற்றனை நம்பச் சொல்லவில்லை. ஒருவன் கொண்டுவந்ததை இன்னொருவனைக் கொண்டு சரிபார், மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு என்கிறார். முதல் ஒற்றன் கழிவுநீர். இரண்டாவது, வீடு வீடாக வருகிற சுகாதாரப் பணியாளர். மூன்றாவது மருத்துவமனை. எதிரணி நண்பர்களுக்கும் வரிசையிலே இடம் உண்டு, மூன்றாவது இடம். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஒற்றன் சொன்னால் மட்டும் போதாது, அரசன் கேட்க வேண்டும். 2024 ஜூனிலே காசாவிலே எடுத்த கழிவுநீரிலே போலியோ கிருமி தெரிந்தது. 25 ஆண்டாக அங்கே அந்த நோயே இல்லை. ஒற்றன் சேதி கொண்டுவந்தான். ஆனால் சுற்றிலும் போர். ஆகஸ்டிலே பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குக் கால் செயலிழந்தது உறுதியானது. தடுப்பு மருந்து முகாம் தொடங்கியது செப்டம்பர் 1ஆம் தேதி. ஹைதராபாத்திலே கேட்டார்கள், குழந்தைகள் தப்பின. காசாவிலே குண்டுச் சத்தத்திலே சேதிக்குப் பலன் தாமதமாயிற்று, ஒரு பிஞ்சின் கால் போயிற்று. இரண்டு ஊரிலும் சாக்கடை தன் கடமையைச் செய்துவிட்டது. செய்ய வேண்டியது மனிதர்கள்தான்.

நம் தாம்பரத்திலே போரில்லை. குண்டுச் சத்தமில்லை. ஹாரன் சத்தம்தான்! (சிரிப்பு) கேட்கிற காது இருந்தால் கேட்கலாம். ஆகவே நடுவர் அவர்களே, நோயைத் தீர்ப்பது மருத்துவமனை என்று எதிரணிக்கு ஒரு மாலை போடுங்கள், நானே பூ வாங்கித் தருகிறேன். ஆனால் ஊருக்குள் நுழையும் நோயை, ஒரு குழந்தையின் காலையும் விலையாகக் கேட்காமல், ஒரு ஏழையின் பெயரையும் வெளியே சொல்லாமல், முதலில் அறிந்து சொல்வது கழிவுநீரே, கழிவுநீரே என்று தீர்ப்புச் சொல்லுங்கள். அந்தத் தீர்ப்பைக் கேட்டு, எங்கள் தெருவுக்குக் குழாய் எப்போது வரும், அதைச் சோதிக்கிற ஆள் எப்போது வருவார் என்று இந்த அரங்கத்திலிருந்து நாலு பேர் வார்டு கவுன்சிலரிடம் போய்க் கேட்டால், அதுவே எங்கள் அணிக்குக் கிடைத்த வெற்றி.

(நீண்ட கைதட்டல்)